பதினெட்டு நிமிட ஐயம்

1

இந்தக் குறிப்பேட்டை ஒரு தேதியோடு தொடங்குகிறேன். 1954 ஜூன் 29, செவ்வாய்க்கிழமை.

அன்று மாலை நியூயார்க்கிலிருந்து லண்டனுக்கு ஒரு பிரிட்டிஷ் பயணிகள் விமானம் புறப்பட்டது. பி.ஓ.ஏ.சி. நிறுவனத்தின் ஸ்ட்ராட்டோகுரூசர். அதற்கு வைத்திருந்த பெயர் 'சென்டாரஸ்'. தலைமை விமானி ஜேம்ஸ் ஹோவர்ட். துணை விமானி லீ பாய்ட். வழியில் கனடாவின் லாப்ரடார் பகுதியில் கூஸ் பே என்ற தளத்தில் இறங்கி, எரிபொருள் நிரப்பிக்கொண்டு அட்லான்டிக்கைக் கடப்பது திட்டம்.

சென்டாரஸ் கூஸ் பேயில் இறங்கியது. எரிபொருள் நிரப்பியது. லண்டன் போய்ச் சேர்ந்தது. யாருக்கும் எந்தத் தீங்கும் இல்லை. ஆனாலும் எழுபது ஆண்டுகள் கழித்து நான் அந்த விமானத்தின் இடப்பக்க ஜன்னல் ஓரத்தில் மனத்தால் போய் உட்கார்ந்துகொள்கிறேன். வெளியே பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

2

அவர்கள் சொன்னதை, கூட்டாமல் குறைக்காமல் எழுதிவைக்கிறேன்.

விமானம் 19,000 அடி உயரத்தில் வடகிழக்காகப் போய்க்கொண்டிருந்தது. செயின்ட் லாரன்ஸ் முகத்துவாரத்தைக் கடந்தாயிற்று. சூரியன் மறைந்தும் மறையாத வேளை. கீழே மேகம், மேலே தெளிந்த வானம். இடப்பக்கம், தூரத்தில், கருப்பாகச் சில உருவங்கள். ஒன்று பெரியது. அதன் முன்னும் பின்னும் ஆறு சிறியவை.

பெரியது ஒரே வடிவில் நிற்கவில்லை. ஒருமுறை அம்பு முனைபோல் இருந்தது, ஒருமுறை பேரிக்காய்போல், ஒருமுறை தொலைபேசியின் கைப்பிடிபோல். சிறியவை இடம் மாறிக்கொண்டே இருந்தன. சில நேரம் முன்னே அதிகம், சில நேரம் பின்னே அதிகம். ஏழும் விமானத்தோடு விமானமாக, அதே திசையில், அதே வேகத்தில் வந்தன.

விமானிகள் கூஸ் பேக்கு ரேடியோவில் கேட்டார்கள்: இந்தப் பக்கம் வேறு விமானங்கள் ஏதாவது உண்டா? இல்லை என்று பதில் வந்தது. அங்கிருந்து ஒரு போர் விமானம் இவர்களை நோக்கித் திரும்பியது. அது நெருங்கிக்கொண்டிருந்தபோது சிறிய உருவங்களைக் காணவில்லை. பெரியது மட்டும் தனியே நின்றது. பிறகு அதுவும் சுருங்கிச் சுருங்கி ஒரு புள்ளியாகி மறைந்தது.

விமான ஊழியர்கள் பார்த்தார்கள். பயணிகளிலும் சிலர் பார்த்தார்கள். மொத்தம் 18 நிமிடம். ஏறக்குறைய 80 மைல் தூரம்.

3

பதினெட்டு நிமிடம் என்பது எவ்வளவு?

எரிநட்சத்திரம் ஒரு நொடி. மின்னல் அதிலும் குறைவு. "பார்த்தேனா, பார்க்கவில்லையா" என்று பிறகு நம்மை நாமே கேட்டுக்கொள்ள அவை இடம் தரும். பதினெட்டு நிமிடம் அந்த இடத்தைத் தராது. அதற்குள் ஒரு பானைச் சோறு வெந்துவிடும். முதல் திகைப்பு அடங்கும். கண்ணைக் கசக்கிக்கொண்டு மறுபடி பார்க்கலாம். பக்கத்தில் இருப்பவரைத் தட்டி, "உனக்கும் தெரிகிறதா?" என்று கேட்கலாம். அவர் தெரிகிறது என்று சொன்ன பிறகும் நிமிடங்கள் மீதம் இருக்கும்.

ஸ்ட்ராட்டோகுரூசர் இரண்டு தளம் கொண்ட விமானம். வளைந்த படிக்கட்டில் இறங்கினால் கீழ்த்தளத்தில் உட்கார்ந்து பேச ஓர் அறை. இரவுப் பயணத்துக்குப் படுக்கைகளும் உண்டு. நான்கு பெரிய எஞ்சின்களின் இரைச்சல் சீராக ஓடிக்கொண்டே இருக்கும். அந்த இரைச்சலுக்குள் யாரோ கோப்பையை உதட்டருகே பிடித்தபடி ஜன்னலைப் பார்த்திருப்பார். யாரோ தலையணையைச் சரிசெய்துகொண்டு கண் மூடியிருப்பார். அதிசயம் வானத்தில் வந்து நின்றாலும், திரும்பிப் பார்த்தவருக்குத்தான் அது வந்தது. மற்றவர்களுக்கு அது ஒரு சாதாரண மாலை.

4

செயின்ட் லாரன்ஸின் வடகரையில் அவர்கள் கடந்த ஊரின் பெயர் செட்டீல். பிரெஞ்சு மொழியில் 'ஏழு தீவுகள்' என்று பொருள். கீழே ஏழு தீவுகள். மேலே ஏழு உருவங்கள்.

இதைக் கவனித்த நாளில் எனக்கு உடம்பு சிலிர்த்தது. அந்தச் சிலிர்ப்பையும் இங்கே எழுதிவைக்க வேண்டும், அதுவும் நடந்த ஒன்றுதானே. ஆனால் எழுதியபின் அமைதியாக உட்கார்ந்து பார்த்தால், ஊருக்குப் பெயர் வைத்தவர்களுக்கும் வானத்தில் தெரிந்ததற்கும் எந்த உறவும் இல்லை. உறவு எனக்குள்தான் முளைத்தது.

இன்னொன்றும் உண்டு. புறப்பட்டுச் சிறிது நேரத்தில், ரோட் ஐலண்டு கரையருகே சென்டாரஸைப் பத்து நிமிடம் போல வட்டமிடச் சொல்லி நிறுத்திவைத்தார்கள். "ஏன் நிறுத்தினார்கள்? எதற்காக?" என்று மனம் உடனே நூலை எடுக்கிறது. வான்வழியில் காத்திருக்கச் சொல்வது அன்றாடம் நடப்பது. ஆனால் பின்னால் ஒரு விந்தை நடந்துவிட்டால், அதற்கு முன் நடந்த எல்லாமே அதற்கான அறிகுறியாகத் தோன்ற ஆரம்பிக்கும்.

மனம் பூக்கட்டுகிறவளின் கைபோல. முன்னால் எது கிடந்தாலும் எடுத்துத் தொடுத்துவிடும். அந்தக் கையை நான் பழிக்கவில்லை. தொடுத்தது அது என்பதை மறக்காமல் இருந்தால் போதும்.

5

அன்று நிலவில்லாத இரவு. மறுநாள், ஜூன் 30, அமாவாசை. அதோடு முழுச் சூரிய கிரகணம்.

நிலவின் நிழல் அன்று அமெரிக்காவின் நெப்ராஸ்காவில் சூரிய உதயத்தோடு பூமியைத் தொட்டது. கனடாவுக்குள் நுழைந்து லாப்ரடாரைக் கடந்தது. கிரீன்லாந்தின் தென்முனை, ஐஸ்லாந்து, ஸ்காண்டிநேவியா, சோவியத் நிலம், ஈரான், ஆப்கானிஸ்தான் என்று ஓடி, வடமேற்கு இந்தியாவில் சூரிய அஸ்தமனத்தோடு பூமியை விட்டது. அந்தப் பாதை நெடுகக் கருவிகளோடு ஆட்கள் காத்திருந்தார்கள். நிழல் எந்த ஊருக்கு எந்த நொடியில் வரும் என்று முன்பே கணக்கு இருந்தது. கணக்கின்படியே வந்தது.

முந்தின மாலை அதே வட்டாரத்து வானத்தில் ஏழு உருவங்கள் தெரிந்தன. அவற்றை யாரும் எதிர்பார்க்கவில்லை. யாரும் கருவியோடு காத்திருக்கவில்லை.

இரண்டையும் சேர்த்து எதையும் நிறுவ நான் நினைக்கவில்லை. ஒரே வானம் ஒரே நாளுக்குள் நம்மிடம் இரண்டு விதமாக நடந்துகொண்டது என்பதை மட்டும் நினைத்துப் பார்க்கிறேன். ஒரு முகத்தை நூறு ஆண்டுகளுக்கு முன்பே கணக்கிட்டுச் சொல்லிவிடலாம். இன்னொரு முகத்தை அது கண்ணெதிரே நிற்கும்போதுகூடச் சொல்ல முடிவதில்லை. இரண்டும் வானத்தின் முகங்களே.

6

சின்ன வயதில் இரவுப் பேருந்தில் போகாத பிள்ளை உண்டா? "நிலா நம்ம கூடவே வருதும்மா" என்று சொல்லாத பிள்ளை உண்டா? தந்திக் கம்பங்கள் பின்னால் ஓடும். பனைமரங்கள் மெதுவாகப் பின்னால் நகரும். நிலா மட்டும் ஊர் வரைக்கும் கூடவே வரும்.

கூட வருவது எல்லாம் துணைக்கு வருவதில்லை. மிகத் தொலைவில் இருக்கும் பொருள் நாம் எவ்வளவு நகர்ந்தாலும் திசை மாறாது. அதனால் நம்மோடு ஓடி வருவதாகவே தோன்றும். 80 மைல் கூட வந்த ஏழு உருவங்களைப் பற்றி யோசிக்கும்போது அந்தப் பேருந்து ஜன்னல் என் நினைவுக்கு வருகிறது.

அவை ஐந்து மைல் தூரத்தில் இருந்ததாக விமானிகள் மதிப்பிட்டார்கள். ஆனால் ஆகாயத்தில் தூரத்தை அளக்கக் கண்ணுக்குப் பிடிமானம் ஏது? பக்கத்தில் ஒரு மரம் இல்லை, ஒரு வீடு இல்லை. தூரம் தெரியாவிட்டால் அளவும் தெரியாது. கட்டை விரல் நகம் நிலாவை மறைத்துவிடும்; அதற்காக இரண்டும் ஒரே அளவா?

இன்னொரு விமானியும் நினைவுக்கு வருகிறார். 2007 ஏப்ரல் 23 அன்று ஆங்கிலக் கால்வாயின் மேல் ரே போயர் என்ற கேப்டன், சவுத்தாம்ப்டனிலிருந்து ஆல்டர்னி தீவுக்குச் சிறிய டிரைஸ்லாண்டர் விமானத்தை ஓட்டிக்கொண்டிருந்தார். எதிரே மஞ்சள் நிறத்தில் ஒளி தெரிந்தது. பக்கத்துத் தீவான கெர்ன்சியின் கண்ணாடிப் பசுமைக்குடில்களில் பட்டுத் தெறிக்கும் வெயில் என்றே முதலில் நினைத்தார். பத்து மைல் தூரம் இருக்கும் என்று எண்ணினார். ஓட்ட ஓட்ட அது நெருங்கவில்லை. அதுபோன்றே இன்னொன்றும் தெரிந்தது. பயணிகளும் பார்த்தார்கள். தூரம் தான் நினைத்ததைப் போலப் பல மடங்கு இருக்க வேண்டும் என்று பிறகு அவரே திருத்திச் சொன்னார்.

அவர் கண்டது எதுவாகவும் இருக்கட்டும். "நான் போட்ட தூரக் கணக்கு தவறு" என்று சாட்சியே சொல்லும்போது, மீதி சாட்சியம் இன்னும் கனம் பெறுகிறது.

7

கானல் நீரைத் தமிழில் பழையவர்கள் பேய்த்தேர் என்றார்கள். வெண்தேர் என்றும் சொன்னார்கள். பாலை நிலத்தின் வெயிலில் தூரத்தே அசைந்து அசைந்து வருவது, தேர்போல வருவது, கிட்டப்போனால் இல்லாமல் போவது.

நீரைப்போல் இருக்கிறது என்று பார்ப்பது ஒரு பார்வை. தேரைப்போல் வருகிறது என்று பார்ப்பது வேறொன்று. நீர் கிடக்கும். தேர் நகரும், அதில் யாரோ ஏறியிருப்பார்கள். வெறும் காற்றையும் வெப்பத்தையும் பார்த்து, "வண்டி வருகிறது, உள்ளே ஆள் இருக்கிறது" என்று தோன்றியது நம் காலத்தில் தொடங்கிய பழக்கம் இல்லை. அந்தத் தோற்றத்துக்கு ஒரு பெயரும் வைத்துவிட்டு, பேய் என்ற முன்சொல்லால் "நம்பிப் பின்னால் போய்விடாதே" என்ற எச்சரிக்கையையும் அதில் முடிந்துவைத்தார்கள்.

லாப்ரடார் பக்கத்தில் பேய்த்தேர் ஓடுமா? ஓடலாம். வெயில் மட்டும் கானலை உண்டாக்குவதில்லை. குளிர்ந்த காற்றின் மேல் சூடான காற்று ஒரு விரிப்புபோல் படிந்துவிட்டால், அந்த எல்லையை ஒட்டி வரும் ஒளி வளையும். தொலைவில் இருப்பது நீண்டு, குறுகி, இரண்டாக, பலவாகத் தெரியும். பார்வைக்கோடு அந்தக் காற்றடுக்கோடு ஏறக்குறைய இணையாக இருந்தால்தான் இது நடக்கும். சற்றே ஏறினாலோ இறங்கினாலோ கலைந்துவிடும்.

ஒரே உயரத்தில் பறந்த விமானம்; வடிவம் மாறிய உருவம்; கூடவே வந்தது; சுருங்கி மறைந்தது. எல்லாம் பொருந்துகிறது.

8

எல்லாம் பொருந்துகிறது என்று எழுதியபின் பேனாவை மூடி வைத்தேன். பிறகு மறுபடி திறந்தேன்.

கானல் என்றால் எதன் கானல்? ஒளியை வளைத்துக் காட்டும் காற்று, இல்லாத ஒன்றை உண்டாக்கிக் காட்டாது. எங்கோ இருக்கும் ஒன்றைத்தான் இடம் மாற்றி, உருக்குலைத்துக் காட்டும். தேர் பேயானாலும், தேராகத் தெரிந்த ஏதோ ஒன்று அங்கே இருந்தாக வேண்டும்.

சிறியவை பெரியதைச் சுற்றி இடம் மாறின என்கிறார்களே? போர் விமானம் நெருங்கும் வேளையில் மறைந்தன என்கிறார்களே? காற்றடுக்கு அந்த நேரத்தில் கலைந்திருக்கலாம். தற்செயலாக இருக்கலாம். ஒவ்வொரு "இருக்கலாம்" என்பதையும் தனித்தனியாக என்னால் ஏற்றுக்கொள்ள முடிகிறது. எல்லாவற்றையும் ஒரே தராசில் வைக்கும்போது முள் நடுவில் நின்று நடுங்குகிறது.

கேப்டன் ஹோவர்டோ தான் கண்டது திடமான பொருள் என்றே எண்ணினார். அவர் 18 நிமிடம் பார்த்தவர். நான் ஒரு நிமிடமும் பார்க்காதவன். அவருடைய நம்பிக்கையை அப்படியே ஏற்கவும் எனக்கு வழியில்லை, தள்ளிவிடவும் உரிமையில்லை.

9

1966-இல் அமெரிக்க விமானப்படை, விளங்காத வான்காட்சிகளை ஆராயும் பொறுப்பைக் கொலராடோ பல்கலைக்கழகத்திடம் கொடுத்தது. இயற்பியலாளர் எட்வர்ட் காண்டன் தலைமை தாங்கினார். 1968-இல் பெரிய அறிக்கை முடிந்தது. இவற்றை மேலும் ஆராய்வதால் அறிவியலுக்குப் பெரிய பயன் விளையப்போவதில்லை என்பது அதன் பொது முடிவு.

அந்த அறிக்கைக்குள் சென்டாரஸும் இருக்கிறது. அதைப் பற்றி அறிக்கை சொல்லும் முடிவின் சாரம் இது: இது இயற்கையான நிகழ்வாகவே இருக்க வேண்டும், ஆனால் முன்னும் பின்னும் வேறு யாரும் கண்டதாகச் செய்தி இல்லாத அளவுக்கு அரிதானது.

சிலர் இந்த வாக்கியத்தைக் காட்டிக் கேலி செய்கிறார்கள். எனக்குக் கேலி வரவில்லை. ஒருமுறை மட்டும் நடந்ததைக் கையில் வைத்துக்கொண்டு அறிவியல் என்ன செய்ய முடியும்? அதன் பலமே திரும்பவும் பார்ப்பதில் இருக்கிறது. கிரகணம் மறுபடி வரும், சரிபார்க்கலாம். சென்டாரஸின் மாலை மறுபடி வராது. "இயற்கைதான்" என்று சொன்ன அதே மூச்சில், இயற்கை என்று நாம் எழுதிவைத்திருக்கும் பட்டியலைவிட இயற்கை பெரியது என்றும் அந்த வாக்கியம் ஒப்புக்கொண்டுவிட்டது. எழுதியவர் அதை நினைத்து எழுதினாரோ இல்லையோ, நான் அப்படிப் படிக்கிறேன்.

10

நம் அளவை நூல்கள் அறிவின் இரண்டு குறைகளைத் தனித்தனியே பிரித்து வைத்திருக்கின்றன. ஒன்று ஐயம், மற்றது திரிபு.

மங்கிய வெளிச்சத்தில் தூரத்தே நிற்பது மரக்கட்டையா மனிதனா என்று தெரியாமல் நிற்பது ஐயம். சிப்பி மின்னுவதைப் பார்த்து வெள்ளி என்றே முடிவுகட்டிக் குனிந்து எடுப்பது திரிபு.

இரண்டும் குறைதான். ஆனால் இரண்டும் ஒன்றல்ல. ஐயத்தில் நிற்பவன் இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறான். திரிபுக்குப் போனவன் பார்ப்பதை நிறுத்திவிட்டான். ஐயத்தில் கால் வலிக்கும். அந்த வலி பொறுக்காமல்தான் நாம் திரிபில் போய் உட்கார்ந்துவிடுகிறோம்.

"வேற்றுலகத்து வண்டி" என்று உடனே சொல்பவரும் உட்கார்ந்துவிட்டார். "ஒன்றும் இல்லை, கண் மயக்கம்" என்று உடனே சொல்பவரும் உட்கார்ந்துவிட்டார். இரண்டு நாற்காலிகளும் வசதியானவை. சென்டாரஸின் ஜன்னலருகே நின்றவர்களுக்குப் பதினெட்டு நிமிடமும் நாற்காலி கிடைக்கவில்லை. அவர்கள் நின்றார்கள். எழுபது ஆண்டுகள் கழித்தும் அவர்களிடம் நான் மறுபடி மறுபடி போவது அந்த நிலைக்காகத்தான் என்று இன்று தோன்றுகிறது.

11

அந்தப் பதினெட்டு நிமிடத்தில் விமானிகள் என்னென்ன செய்தார்கள்?

பார்த்தார்கள். பக்கத்தில் இருந்தவர்களிடம் கேட்டுக்கொண்டார்கள். தரையிடம் கேட்டார்கள். எண்ணினார்கள். விமானத்தைச் சரியான உயரத்திலும் திசையிலும் வைத்திருந்தார்கள். பின்னால் ஜன்னலைப் பார்க்காமல் தூங்கியவர்களின் உயிரும் அவர்கள் கையில்தானே இருந்தது. கூஸ் பேயில் இறங்கியதும் அதிகாரிகள் கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னார்கள். ஹோவர்ட் தான் கண்ட வடிவங்களை வரைந்து காட்டினார். ஒரே பொருளுக்கு ஒரு படம் போதவில்லை. வடிவத்துக்கு ஒன்றாக வரைய வேண்டியிருந்தது.

சொல் எட்டாத இடத்தில் கை வரைகிறது. அம்பு, பேரிக்காய், தொலைபேசி என்பதெல்லாம் பெயர்கள் அல்ல. "போல" என்ற சொல்லில் தொங்கும் ஒப்புகள். "போல" என்பது எவ்வளவு நேர்மையான சொல்! தெரிந்ததைத் தருகிறது, தெரியாததை மறைக்காமல் வைத்திருக்கிறது. அதை விட்டுவிட்டால் வாக்கியம் வேகமாக ஓடும், ஆனால் பொய்யாகிவிடும்.

12

நேற்று மாலை மொட்டை மாடிக்குப் போனேன். கைக்கடிகாரத்தைக் கழற்றி முன்னால் வைத்துக்கொண்டேன். மேற்கே பார்த்து 18 நிமிடம் உட்கார்வது என்று முடிவு. தியானம் என்று எதுவும் இல்லை. பார்ப்பது, பார்த்ததற்குப் பெயர் வைக்காமல் இருப்பது, அவ்வளவுதான்.

மூன்றாவது நிமிடத்திலேயே தோற்றேன். "மேகம்" என்றது மனம். "கொக்குகள், ஏரிக்குத் திரும்புகின்றன" என்றது. பார்த்து முடிக்கும் முன்பே பெயர் வந்து நின்றது. பெயர் வந்ததும் கண் அடுத்ததற்குப் போய்விட்டது. என் வாழ்நாளில் எத்தனை கொக்குகளை இப்படிப் பார்க்காமல் விட்டிருப்பேன்!

பதினோராவது நிமிடத்தில் தென்மேற்கே கருப்பாக ஒன்று தெரிந்தது. நகர்ந்ததா, நின்றதா என்று சொல்ல முடியவில்லை. பருந்து என்று தோன்றியது. இறக்கை அசையவில்லை, அப்படியானால் பட்டம். நூல் தெரியவில்லை. மறுபடியும் பருந்து. இரண்டுக்கும் நடுவில் மனம் போய்ப்போய் வந்தது. ஒரு கட்டத்தில் போவதை நிறுத்தியது. அதற்குப் பிறகு சிறிது நேரம் நான் வெறுமனே பார்த்தேன். அவ்வளவு கூர்மையாக ஒரு கரும்புள்ளியை அதற்கு முன் பார்த்ததில்லை. ஓரங்கள் மெல்லத் துடித்தன. பின்னால் இருந்த ஆரஞ்சு நிறம் பழுப்பாகி, பழுப்பு சாம்பலாகி, சாம்பலுக்குள் அது கரைந்தது.

கீழே வந்து விளக்கைப் போட்டு எழுதினேன். "பருந்து" என்று எழுத கை இரண்டு முறை போனது. எழுதவில்லை. குறிப்பேட்டில் இருப்பது இதுதான்:

'தென்மேற்கே, கருப்பாக ஒன்று. ஏழு நிமிடம்போல. பிறகு இருட்டிவிட்டது.'